கல்லிலிருந்து எத்தனை மீட்டர்?

சாலையோரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுத்து வருபவர்களின் பட்டியல் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் சாலையின் எண். அடுத்ததில் 231.650 என்பது போல ஒரு தூரம். அதற்கடுத்து ‘இடது’ அல்லது ‘வலது’. பிறகு 11.5. கடைசிக் கட்டத்தில் பொருளின் பெயர்: புளியமரம், பயணியர் நிழற்குடை, சிறுபாலம், ஊர்ப்பெயர்ப் பலகை. அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. ஆனாலும் இந்தப் பட்டியலைக் கியூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளுக்குக் கொடுத்துச் சாலையின் கோட்டையும் கூடவே கொடுத்தால், புளியமரமும் நிழற்குடையும் சாலையோரம் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிடும்.

இரண்டே எண்கள்தான் வேலையை முடிக்கின்றன. ஒன்று, சாலை வழியே எவ்வளவு தூரம் என்பது. பொறியாளர்கள் அதைச் ‘செயினேஜ்’ என்பார்கள். மற்றொன்று, அந்த இடத்தில் சாலையின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் விலகி என்பது, அது ‘ஆப்செட்’. இடது, வலது என்பதெல்லாம் எண் ஏறும் திசையில் முகம் வைத்து நிற்பவருடைய இடது, வலது. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு வருகிறவருக்கு வலப்பக்கம் தெரியும் புளியமரம் பட்டியலில் ‘இடது’ என்றுதான் இருக்கும். இந்த ஒரு விதியை மறந்துவிட்டு மரங்களையெல்லாம் எதிர்ப்பக்கம் நட்டுவிட்ட வரைபடங்கள் உலகத்தில் ஏராளம்.

இப்படி இடம் சொல்வது மென்பொருளுக்காகக் கண்டுபிடித்த முறை அல்ல. நாமக்கல் வண்டி ஒன்று நடுவழியில் நின்றுபோனால் ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போட்டு எப்படிச் சொல்வார்? “ஆண்டகளூர்கேட் தாண்டி ஒண்ணரைக் கிலோமீட்டர்ணே, நாமக்கல் போறப்போ இடது கைப்பக்கம், சர்வீஸ் ரோட்ல ஓரங்கட்டியிருக்கேன்.” சாலை எது, எந்த அடையாளத்திலிருந்து எவ்வளவு, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்ற நான்கும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. பட்டியலில் இருந்ததும் இதே நான்குதான். 108-க்கோ, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கோ பேசுபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். சாலையில் போகிறவனுக்கு உலகம் ஒற்றைப் பரிமாணம். முன்னால், பின்னால், எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால் போதும்; வடக்கும் கிழக்கும் அவனுக்கு வேண்டியதில்லை.

சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் ஆறகளூருக்குப் போனால் இதன் பழைய வடிவத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். வாணகோவரையர்கள் மகதை மண்டலத்தை ஆண்ட காலத்து ஊர் அது. அங்கே கிடைத்த கல் ஒன்று மகதேசன் பெருவழி என்று சாலையின் பெயரைச் சொல்கிறது. காஞ்சிபுரத்துக்குக் காதம் 16 என்று தூரத்தைச் சொல்கிறது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பதினாறு குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களிலும் எழுத்தோடு குழிகள் உண்டு. பாரம் சுமந்து வரும் வணிகக் கூட்டத்தில் யாரோ ஒருவர் விரலை வைத்துத் தடவி எண்ணியிருப்பார். சாலைப் பெயர், சேரும் இடம், அலகு, எண் என்று இன்றைய தரவுத்தளத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கல்லில் இருக்கின்றன.

காதம் என்றால் எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆறகளூர்க் கல்லை வைத்து நாமே ஒரு மதிப்புப் போட்டுப் பார்க்கலாம். ஆறகளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 170 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் காதத்துக்குப் பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. எந்தச் சாலையும் நேர்கோட்டில் போகாது. ஆகவே காதம் என்பது அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று துல்லியம். முழுக் காதமாகவே எண்ணினால் ஐந்தாறு கிலோமீட்டர் அப்படி இப்படி இருப்பது சகஜம். காஞ்சிக்கு இன்னும் எத்தனை நாள் நடை என்று தெரிய வேண்டியவருக்கு அது போதும். புளியமரத்தைக் கண்டுபிடிக்கப் போதாது.

ஆங்கிலேயர் காலத்தில் மைலும் பர்லாங்கும் வந்தன. 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை என்று இந்தியச் சாலைப் பேரவை விதிமுறைகள் வகுத்தது. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண்ணிட்ட குட்டைக் கற்கள் இருக்கும். அவை 200 மீட்டருக்கு ஒன்று. பயணம் போகிறவர்கள் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. சாலைப் பணியாளர்களுக்கோ அவைதான் முகவரி.

ஆனால் கோட்டின் வழியே ஒரு தூரம், கோட்டுக்குக் குறுக்கே ஒரு தூரம் என்ற இரட்டை எண் முறையின் உண்மையான தாய்வீடு நெடுஞ்சாலை அல்ல, நிலம். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு விவசாயியின் வீட்டுப் பீரோவைத் திறந்தால் பட்டாவோடு ஒரு புலப்படம் இருக்கும். எஃப்எம்பி ஸ்கெட்ச் என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். அதில் வயலின் எல்லைக்கோடுகள் தவிர வயலுக்குக் குறுக்கே சில கோடுகள் ஓடுவதையும், அந்தக் கோடுகளிலிருந்து கிளை போல் குட்டைக் கோடுகள் நீட்டிக்கொண்டிருப்பதையும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் எண்கள் இருப்பதையும் பார்க்கலாம். வில்லங்கம் வந்தாலொழிய அந்த எண்களை யாரும் படிப்பதில்லை.

சென்னை மாகாணத்து நில அளவை முறை அது. வளைந்து நெளிந்து போகும் வரப்பை அப்படியே அளக்க முடியாது. ஆகவே சர்வேயர் கல்லிலிருந்து கல்லுக்கு முதலில் ஒரு நேர்கோடு பிடிப்பார். சங்கிலியை அதன் வழியே இழுத்துக்கொண்டு போவார். வரப்பில் ஒரு முடக்கு வரும் இடத்துக்கு நேரே வந்ததும், செங்கோணம் பார்க்கும் கட்டைக் கருவியை ஊன்றி, அங்கிருந்து முடக்குக்கு எவ்வளவு தூரம் என்று குறுக்கே அளப்பார். கோட்டில் இவ்வளவு, குறுக்கே இவ்வளவு என்று இரண்டு எண்களைப் புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்த முடக்குக்கு நகர்வார். குறுக்கு அளவுக்குப் பெயர் அன்றைக்கே ஆப்செட்தான். எட்மண்ட் குன்டர் 1620 வாக்கில் அமைத்த சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். 1923-இன் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்த அளவுகளைத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற மென்பொருளில் ஏற்றித்தான் தமிழ்நாட்டின் புலப்படங்கள் கணினிக்கு வந்தன. வரைந்த படத்தை ஒளிநகல் எடுத்துக் கோட்டின் மேல் கோடு இழுப்பதைவிட, அளந்தவர் எழுதிய எண்களிலிருந்தே படத்தைத் திரும்ப எழுப்புவது நல்ல யோசனை. காகிதம் சுருங்கியிருக்கும், எண் சுருங்காது.

சரி, மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது? கணினிக்குச் சாலை என்பது வளைவே இல்லாத பொருள். புள்ளி, புள்ளியிலிருந்து நேர்கோடு, அடுத்த புள்ளி. அவ்வளவுதான். நமது பட்டியலின் 231.650-ஐ எடுத்துக்கொள்வோம். 231-ஆம் கல்லிலிருந்து 232-ஆம் கல் வரை சாலைக்கோட்டில் நான்கு புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் புள்ளி 231-ஆம் கல். இரண்டாவது அங்கிருந்து 402 மீட்டரில். மூன்றாவது 777-இல். நான்காவது 232-ஆம் கல். அது 1,000-த்தில் இருக்க வேண்டும், ஆனால் வரைபடத்தில் அளந்தால் 1,014 வருகிறது. இந்தப் பதினான்கு மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருவோம். இப்போதைக்கு மென்பொருள் அதை இரண்டு கல்லுக்கும் நடுவே சமமாகப் பரப்பிவிடும். 650 மீட்டர் என்று கள ஆள் எழுதியது வரைபடக் கோட்டில் 0.650 × 1,014, அதாவது 659.1 மீட்டர்.

அது இரண்டாவது புள்ளிக்கும் மூன்றாவது புள்ளிக்கும் இடையில் விழுகிறது. இரண்டாவதிலிருந்து 257.1 மீட்டர், அந்தத் துண்டின் முழு நீளம் 375 மீட்டர். ஆக, துண்டில் 68.6 விழுக்காடு போனால் இடம் கிடைத்துவிடும். அந்தத் துண்டு 225 மீட்டர் கிழக்கும் 300 மீட்டர் தெற்குமாகப் போகிறது என்றால், நமது இடம் இரண்டாவது புள்ளியிலிருந்து 154.3 மீட்டர் கிழக்கே, 205.7 மீட்டர் தெற்கே. இது சாலையின் நடுக்கோடு. மரம் இருப்பது இடது பக்கம் 11.5 மீட்டரில். தென்கிழக்கே போகும் சாலைக்கு இடது என்பது வடகிழக்கு. சாலையின் திசையைத் தொண்ணூறு பாகை திருப்பினால் 9.2 மீட்டர் கிழக்கும் 6.9 மீட்டர் வடக்கும் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 163.5 மீட்டர் கிழக்கே, 198.8 மீட்டர் தெற்கே புளியமரம் நிற்கிறது. எட்டாம் வகுப்பு விகிதமும் பித்தகோரசும் தவிர இதில் வேறு வித்தை கிடையாது.

போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இதற்கு ஆயத்தச் செயற்கூறு இருக்கிறது. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு ஆயத்தொலைவுகளோடு மூன்றாவதாக ஓர் அளவெண்ணையும் சேமித்துவிட்டால், இந்த அளவெண்ணில் இந்த ஆப்செட்டில் புள்ளியைக் கொடு என்று கேட்கலாம். அங்கே ஆப்செட் கூட்டல் எண் என்றால் இடது, கழித்தல் என்றால் வலது. எல்லா மென்பொருளும் இதே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. புது மென்பொருளுக்கு மாறும்போது தெரிந்த ஒரே ஒரு மரத்தை வைத்துச் சோதித்துவிட்டு மேலே போவது நல்லது. இன்னொரு செயற்கூறு தூரத்தைக் கேட்காது. மொத்த நீளத்தில் எத்தனை பங்கு என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணைக் கேட்கும். பழகாதவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

இனி அந்தப் பதினான்கு மீட்டர். கிலோமீட்டருக்குப் பதினான்கு என்பது சற்று மிகையான உதாரணம். ஆனால் வரைபடத் தூரமும் கல் தூரமும் ஒத்துப்போகாமல் இருப்பது வழக்கம்தான். அதற்குக் காரணங்கள் பல, அவற்றில் ஒன்று சேலத்துக்கே உரியது.

பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது எங்காவது இழுபடும். உலகம் முழுக்கப் பயன்படும் யுடிஎம் முறையில் பூமியை ஆறு பாகை அகலமுள்ள பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டையாக்குகிறார்கள். 72-லிருந்து 78 பாகை வரை 43-ஆம் பட்டை; 78-லிருந்து 84 வரை 44-ஆம் பட்டை. பட்டையின் நடுவில் தூரம் சற்றுச் சுருங்கியிருக்கும், ஓரத்தில் இழுவை அதிகமாக இருக்கும். அந்த ஓரமான 78 பாகைக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால், சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவே! திருச்செங்கோடும் சங்ககிரியும் மேட்டூரும் 43-ஆம் பட்டையில். சேலமும் ராசிபுரமும் நாமக்கல்லும் 44-இல். உருண்டையைச் சீவியதில் கத்தி இந்தச் சமவெளியின் மேலேயே பட்டிருக்கிறது.

விளைவு என்ன? இந்த அட்சரேகையில் பட்டையின் ஓரத்தில் தட்டை வரைபடத் தூரம் நிலத்தூரத்தைவிடக் கிலோமீட்டருக்குச் சுமார் 80, 90 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். கேட்பதற்குச் சின்ன எண். ஓமலூரிலிருந்து நாமக்கல் வரை நான்குவழியாக்கிய சாலை ஒப்பந்தத்தில் 180.000 முதல் 248.625 வரை, அதாவது 68.625 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சேர்ந்தால் ஐம்பது மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஓமலூரில் பூஜ்யம் வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் நாமக்கல் பக்கத்துச் சிறுபாலம் அடுத்த வயலில் போய் நிற்கும். சங்ககிரி வழியாகக் கோவை போகும் 544-ஆம் எண் சாலையில் கதை இன்னும் மோசம்: ஒரே சாலை, இரண்டு பட்டை, இரண்டு ஆயத்தொலைவு முறை. பாதிச் சாலையில் பட்டை மாறியதைக் கவனிக்காதவர்கள் மறுபாதியைச் சுமார் 650 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் தேட வேண்டியிருக்கும். ஒரு வகையில் அந்தத் தவறு நல்லது. உடனே கண்ணில் படும். ஐம்பது மீட்டர்த் தவறுதான் சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும்.

இதே 78 பாகைக் கோட்டை ஒட்டித்தான் வில்லியம் லாம்டன் தென்முனையிலிருந்து வடக்கே தனது பெரும் முக்கோணச் சங்கிலியைக் கொண்டுபோனார். 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை, அவர் 1823-இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் கையில் இமயமலை அடிவாரம் வரை நீண்டது. பூமியின் வளைவையே அளந்த ஒரு கோட்டின் மேல், தட்டை வரைபடங்கள் இப்படித் தடுமாறுவது வேடிக்கைதான். தீர்வும் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது: 78 பாகையை நடுக்கோடாக வைத்து இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தட்டை முறையை அமைத்துக்கொண்டால் இழுவை ஏறக்குறைய இல்லாமல் போகும். அல்லது தட்டைக் கணக்கை விட்டுவிட்டு உருண்டையின் மேலேயே தூரத்தைக் கணக்கிடச் சொல்லலாம். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் அதற்கும் வழி உண்டு.

மேடு பள்ளமும் ஒரு காரணம். வண்டிச் சக்கரம் சரிவின் மேல் உருள்கிறது, வரைபடமோ மேலிருந்து பார்க்கிறது. இருபதுக்கு ஒன்று ஏறும் மலைப்பாதையில் கிலோமீட்டருக்கு 1.25 மீட்டர் வித்தியாசம் வரும். நாமக்கல் சமவெளியில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், சாலையே இடம் மாறுவது. ஊருக்குள் போன சாலை பைபாஸாக வெளியே போகிறது, கொண்டை ஊசி போலிருந்த திருப்பம் நேராகிறது, மேம்பாலம் வருகிறது. ஓரிடத்தில் 300 மீட்டர் குறைந்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கல்லும் பொய் சொல்லத் தொடங்கும். கற்களையெல்லாம் பிடுங்கி மறுபடி நடலாம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய கோப்புகளில் இருக்கும் அத்தனை எண்களும் அன்றோடு செல்லாக்காசு. ஆகவே பொறியாளர்கள் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட கிலோமீட்டர் மட்டும் 700 மீட்டர்தான் என்று எழுதிவைத்துவிட்டு, அடுத்த கல்லிலிருந்து பழைய எண்களையே தொடர்வார்கள். சாலை நீண்டால் ஒரு கிலோமீட்டர் 1,300 மீட்டர் ஆகும். பள்ளிக்கூடக் கணக்குக்கு இது அபத்தம். சாலைக் கணக்குக்கு இதுதான் நியாயம்.

ஓமலூர்–நாமக்கல் எண்களையே பாருங்கள். 180, 248 என்பதெல்லாம் பெங்களூரிலிருந்து எண்ணி வந்தவை. அந்தச் சாலை அப்போது தேசிய நெடுஞ்சாலை 7. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது. ஆனால் வாரணாசியிலிருந்து எண்ணினால் இந்த எண் பல மடங்கு வரும். சாலைக்குப் பெயர் ஒரு ஊரிலிருந்து, கணக்கு வேறொரு ஊரிலிருந்து. 2010-இல் நாடு முழுவதும் சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது இது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண்ணின் பகுதியாயிற்று. 7 என்ற எண் பஞ்சாபின் பாசில்காவிலிருந்து உத்தரகண்டின் பத்ரிநாத் பக்கம் போகும் சாலைக்குப் போய்விட்டது. பழைய பட்டியல் ஒன்றில் ‘நெடுஞ்சாலை 7, கி.மீ. 231’ என்று இருப்பதை இன்றைய சாலை வரைபடத்தோடு இணைத்தால் நமது புளியமரம் வடநாட்டில் எங்கோ முளைக்கும். எண் சரி, கணக்குச் சரி, மென்பொருள் சரி. எந்த வருடத்துச் சாலை என்பது மட்டும் தவறு. செயினேஜ் கட்டத்துக்குப் பக்கத்தில் தேதிக் கட்டம் இல்லாத பட்டியலை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

ஆகவேதான் இத்துறையில் தேர்ந்தவர்கள் தொடக்கத்திலிருந்து எண்ணுவதில்லை. 231.650 என்று எழுதியிருந்தாலும் அதை ‘231-ஆம் கல், அங்கிருந்து 650 மீட்டர்’ என்றே படிப்பார்கள். கல்லை ஜிபிஎஸ்ஸில் ஒரு முறை நன்றாக அளந்து வரைபடத்தில் ஊன்றிவிட்டால், பிழை எவ்வளவு இருந்தாலும் அது அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். அடுத்த கல்லுக்குத் தாவாது. மேலே நாம் 1,014-ஐச் சமமாகப் பரப்பியது இந்த வேலைதான். அப்படிச் செய்யாமல் ஓமலூரிலிருந்தே எண்ணியிருந்தால் அதுவரை சேர்ந்த பிழையெல்லாம் மரத்தின் தலையில் விழுந்திருக்கும். ஓட்டுநரும் இதைத்தான் செய்தார்: பெங்களூரிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லவில்லை, ஆண்டகளூர்கேட்டிலிருந்து சொன்னார்.

குறுக்குத் தூரம் சமவெளியில் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அது தன் குணத்தைக் காட்ட வேண்டுமென்றால் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு ஏற வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. அங்கே வண்டி நின்றுபோனால் யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை, “முப்பத்திரண்டாவது பெண்டு” என்பார்கள். கல்லைவிட வளைவுக்கு ஒரு வசதி: அதைப் பிடுங்க முடியாது.

வளைவில் சாலையின் இரு ஓரங்களும் ஒரே நீளம் இல்லை. வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு அழகான விடை இருக்கிறது. எவ்வளவு பெரிய வளைவு என்பது அதில் வராது. எத்தனை பாகை திரும்புகிறது, இரு ஓரங்களுக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஏழு மீட்டர் அகலச் சாலை முழுதாகத் திரும்பி வந்த திசையையே பார்த்தால் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட 22 மீட்டர் நீளம். வளைவு சிறியதோ பெரியதோ இதே 22-தான். அப்படியானால் எழுபது வளைவுக்கும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டரா என்று பயப்பட வேண்டாம். ஒரு வளைவு இடது என்றால் அடுத்தது வலது. ஒன்று கூட்டியதை மற்றொன்று கழித்துவிடும்.

தலைவலி வேறு இடத்தில். வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று கொள்வோம். உள்பக்கமாக 20 மீட்டர் தள்ளி ஒரு தடுப்புச் சுவர் என்று பட்டியலில் இருந்தால், மென்பொருள் சொன்னபடி 20 மீட்டர் போகும். போகிற வழியில் வளைவின் மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஐந்து மீட்டரில் நிற்கும். அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது சாலையின் வேறொரு பகுதி. சரி, அதையே திருப்பிக் கேட்டுப் பார்ப்போம்: இந்தப் புள்ளி எந்தக் கிலோமீட்டர்? மென்பொருள் மிக அருகிலுள்ள சாலையைத் தேடி முற்றிலும் வேறோர் எண்ணைச் சொல்லும். நாம் போட்ட எண்ணைப் போட்ட மென்பொருளே மறுக்கும்.

ஜிபிஎஸ் பொருத்திய வண்டிகளை வரைபடத்தில் தொடரும்போது இந்தத் தொல்லை தினப்படி. இரண்டு வளைவுகளுக்கு நடுவே மேல்பாதையும் கீழ்பாதையும் சில பத்து மீட்டர் இடைவெளியில்தான் ஓடுகின்றன. மலைச் சரிவு பாதி வானத்தை மறைக்கும் இடத்தில் ஜிபிஎஸ் பத்துப் பதினைந்து மீட்டர் தவறினால், வண்டி கீழ்பாதையிலிருந்து மேல்பாதைக்கு நொடியில் ஏறிவிடும். சாலைத் தூரத்தில் அது இருநூறு முந்நூறு மீட்டர் பாய்ச்சல். வண்டி எங்கே இருக்கிறது என்பதோடு சற்று முன் எங்கே இருந்தது, எந்தத் திசையில் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதைத் தடுக்க முடியும்.

சாலையை விட்டு வாய்க்காலுக்கு வந்தால் சில சங்கடங்கள் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன. காவிரியில் ஜேடர்பாளையத்தில் படுகை அணை கட்டி ராஜவாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக்கும் வாழைக்கும் இன்றும் அதன் தண்ணீர்தான். வாய்க்காலில் பூஜ்யம் எங்கே என்று யாரும் சண்டை போட முடியாது, தலைமதகுதான் பூஜ்யம். எண் ஏறும் திசையைத் தண்ணீரே சொல்லிவிடும். இடது கரை, வலது கரை என்பதும் தண்ணீர் போகும் பக்கம் பார்த்து நிற்பவருடைய கணக்கு. அதை நிர்ணயிக்க ஆணையோ விதிப்புத்தகமோ தேவையில்லை. எத்தனையாவது மைலில் எந்தக் கரையில் மதகு என்று சொன்னால் கடைமடைக்காரருக்குக்கூடப் புரியும்.

இந்தக் கலையைச் சுத்தமாகக் கற்றுத் தேர்ந்தது ரயில்வே. சேலத்துக்கு 1861-இல் இருப்புப்பாதை வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து எண்ணினால் சேலம் சந்திப்பு 334-ஆவது கிலோமீட்டர். முன்பு தந்திக் கம்பங்களை எண்ணி இடம் சொன்னார்கள். மின்சாரம் வந்த பிறகு மேல்கம்பியைத் தாங்கும் தூண்களே அடையாளம். ஒவ்வொரு தூணிலும் மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது தூண் என்று எழுதியிருக்கும். பாதையை நடந்து சோதிக்கும் ஊழியரான கீமேன் தண்டவாளத்தில் விரிசல் கண்டால் மீட்டர்க் கணக்கே சொல்ல மாட்டார். இன்ன கிலோமீட்டரில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவில் என்பார். நேர்ப்பாதையில் இரு தூண்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர்தான் விடலாம். வளைவில் அதைவிட நெருக்கம். ஆகவே 2013-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய சேலம்–நாமக்கல்–கரூர்ப் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும், எண் எழுதிய ஒரு தூண் 36 மீட்டருக்குள் இருக்கும்.